அடிபிடித்த பொங்கலும் ஓர் அகச்சிவப்பு மேடும்

நெதர்லாந்திலிருந்து திருச்சிக்கு நான் இந்தமுறை கிளம்பியதற்கு ஊர்ப்பாசம் காரணமில்லை. "நோட்டட் வித் தேங்க்ஸ்" என்று வந்த ஒரு மின்னஞ்சல்தான் காரணம்.

விண்வெளியில் நிற்கும் ஒரு தொலைநோக்கியில் அகச்சிவப்பு நிறமாலைமானி ஒன்று இருக்கிறது. நட்சத்திரங்களிலிருந்து வரும் வெப்ப ஒளியை அலைநீளம் வாரியாகப் பிரித்துக் காட்டும் கருவி. பிரித்த கோட்டில் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று பார்த்து அங்கே என்ன வாயு இருக்கிறது என்று சொல்வோம். கருவி சொல்வதெல்லாம் உண்மையா என்று மேலே ஆள் அனுப்பிப் பார்க்க முடியாது. அதனால் ஒளி எப்படி இருக்கும் என்று முன்பே நன்றாகத் தெரிந்த ஒரு நட்சத்திரத்தைப் பார்க்கச் சொல்வோம். நமக்குத் தெரிந்ததற்கும் கருவி சொல்வதற்கும் உள்ள வித்தியாசம்தான் கருவி சொல்லும் பொய். பொய்களைத் தொகுத்து ஒரு திருத்த அட்டவணை போட்டால் அதன் பெயர் அளவுத்திருத்தம். அந்த அட்டவணையைப் போட்டவள் நான்.

அட்டவணையைப் பயன்படுத்தி ஓர் இளம் நட்சத்திரத்தைப் பார்த்தபோது கோட்டில் சின்னதாக ஒரு மேடு தெரிந்தது. யாரும் அந்த இடத்தில் எதிர்பார்க்காத ஒரு வாயுவின் மேடு. அதை வைத்து ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினேன். அந்தக் கட்டுரை நின்றால் என் வேலை ஒப்பந்தம் நீளும், விழுந்தால் நான் பெட்டி கட்ட வேண்டும். இதை யாரும் எனக்கு எழுத்தில் தரவில்லை. நெதர்லாந்தில் காபி இயந்திரத்தின் அருகே நின்றபடியே சொல்லிவிடுவார்கள்.

அட்டவணையைக் குழுவுக்கு வெளியே ஒருவர் மதிப்பிட வேண்டும் என்பது விதி. துவாக்குடி தாண்டி ஒரு தனியார் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருக்கும் கதிரேசன் இந்தத் துறையில் கெட்டிக்காரர் என்று அவரிடம் கொடுத்தார்கள். எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு அவர் அனுப்பிய பதில்தான் மேலே சொன்னது. என் தலைவர் யூப் அதைத் திருப்பித் திருப்பிப் படித்தார். "இது ஆமாவா, இல்லையா?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. "நேரில் போய்க் கேட்போம்" என்றார். நெதர்லாந்துக்காரர்களுக்கு எதையும் நேரில் கேட்டால் பதில் கிடைத்துவிடும் என்று ஒரு நம்பிக்கை.

வந்து இறங்கிய அன்றே டாக்ஸிக்காரர் விசாரித்துவிட்டார். எந்த ஊர், என்ன வேலை, கூட வருபவர் யார், என்ன உறவு என்று எல்லாம் கேட்டுவிட்டு, "மேல இருக்குற மெஷின் கீழ இருந்தே ரிப்பேர் பாக்குறீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "எங்க வீட்டு ஏசிக்கு நேர்ல வந்தே பாக்க மாட்டேங்கிறான் மேடம்" என்றார். யூப்புக்கு மொழிபெயர்த்தேன். டாக்ஸிக்காரர் மேல் அவருக்கு உடனே மரியாதை வந்துவிட்டது.

ஸ்ரீரங்கத்தில் என் சித்தி ஃப்ளாட்டில் தங்கல். சித்தி ரயில்வே கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள். அலுவலகத்தில் ஒரு தமிழும் வீட்டில் ஒரு தமிழும் பேசிப் பழகியவள். "வாங்கோ, வாங்கோ. தளிகை ஆயிடுத்து, நேரே கையை அலம்பிண்டு உக்காருங்கோ" என்று யூப்பிடம் தமிழிலேயே சொன்னாள். அவர் புரிந்ததுபோல் உட்கார்ந்தார். மிளகு சாத்தமுதை, அதாவது ரசத்தை, டம்ளரில் வாங்கிக் குடித்தவர் காரம் தாங்காமல் இரும, கை தட்டி டம்ளர் கவிழ்ந்து, அத்தனையும் சித்தியின் புதுப்புடவையில் கொட்டியது. மனிதர் முகம் செத்துவிட்டது.

"பரவால்ல, பரவால்ல" என்றாள் சித்தி.

அது என்ன சொல் என்று யூப் கேட்டார். பரவாயில்லை, பேச்சில் பரவால்ல. ஒன்றும் குறையில்லை, கவலைப்படாதே என்று பொருள் என்றேன். "எங்கள் மொழியில் மன்னிப்பதற்கு இப்படி ஒரு சொல் கிடையாது" என்று உருகினார். சாயங்காலத்துக்குள் அதை லிஃப்ட்டிடமும், தெருவில் குறுக்கே படுத்திருந்த மாட்டிடமும், தன் காலை மிதித்த பெரியவரிடமும் சொல்லிப் பழகிவிட்டார். பெரியவர் மட்டும் பதிலுக்குச் சிரித்தார்.

மறுநாள் கல்லூரிக்குப் புறப்பட்டோம். கல்லூரியிலிருந்து கார் அனுப்புகிறோம் என்றார்கள். யூப் பஸ்ஸில்தான் போவேன் என்று அடம்பிடித்தார். பஸ் ஸ்டாண்டை ஊருக்கு வெளியே பஞ்சப்பூருக்கு மாற்றியதிலிருந்து எந்த பஸ் எங்கே நிற்கும் என்பதில் ஆளுக்கொரு கொள்கை இருக்கிறது. சித்தி சத்திரம் பஸ் ஸ்டாண்ட் என்றாள். வாட்ச்மேன் பஞ்சப்பூர் என்றார். மன்னார்புரத்தில் நின்றால் எல்லாம் வரும் என்றார் பால்காரர். மன்னார்புரத்தில் எல்லாம் வந்தது, நிற்கவில்லை. ஒரு தஞ்சாவூர் பஸ் மட்டும் வேகத்தைக் குறைத்தது. "ஏறுங்க, ஏறுங்க, ஏறுங்க" என்று கண்டக்டர் எங்களை உள்ளே இழுத்துப் போட்டார்.

டிக்கெட் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. "இது பாயின்ட் டு பாயின்ட்ங்க. துவாக்குடியில நிக்காது."

"ஏறுங்க ஏறுங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஏறச் சொன்னேன். எங்க எறங்கணும்னு நீங்க சொன்னீங்களா?"

 கல்லூரி வாசலில் எங்களுக்காகக் கட்டியிருந்த ஃப்ளெக்ஸ் பேனர் ஜன்னலில் கண்ணெதிரே வந்து பின்னால் போனது. அதில் என் முகம் தெரிந்தது. யூப் கை காட்டினார். பிறகு கண்டக்டருக்கே மனசு கேட்காமல் செங்கிப்பட்டியில் இறக்கிவிட்டார். அங்கே டீ குடித்து, டவுன் பஸ் பிடித்துத் திரும்பிப் போனோம். நெதர்லாந்தில் பஸ் ஒரு நிமிடம் தாமதமானால் மன்னிப்பு கேட்டுப் பலகையில் எழுத்து ஓடும். ஆனால் எந்த ஓட்டுநரும் யாருக்காகவும் மனசு கேட்காமல் நிறுத்தியதை நான் அங்கே பார்த்ததில்லை.

பேனரை நிதானமாகப் பார்க்க இப்போது வாய்ப்பு கிடைத்தது. என் படத்துக்குப் பின்னால் ஒரு ராக்கெட் நெருப்பைக் கக்கிக்கொண்டிருந்தது. எங்கள் தொலைநோக்கிக்குப் பதிலாக மொட்டைமாடி டிஷ் ஆன்டெனா ஒன்றைப் போட்டிருந்தார்கள். யூப்பின் படம் கிடைக்கவில்லையாம். யாரோ ஒரு வெள்ளைக்காரர் புன்னகைத்தார். கல்லூரித் தாளாளர் இருவருக்கும் சால்வை போர்த்தினார். வெயில் மண்டையைப் பிளந்தது. யூப் சால்வையை மரியாதைக்காக மதியம் வரை கழற்றவில்லை.

"மேடம், உங்க டெலஸ்கோப்ல நம்ம காலேஜ் தெரியுமா?" என்று தாளாளர் கேட்டார்.

"அது பூமிப் பக்கம் திரும்பாதுங்க. சூட்டுல கருவி கெட்டுடும்."

"ஒரே ஒரு போட்டோ எடுத்துட்டு டக்குனு திருப்பிடலாமே?"

முடியாது என்று சொல்லாமல் யோசிக்கிறோம் என்றேன். அந்த ஊர்த் தண்ணீர் எனக்குள் அதற்குள் வேலை செய்ய ஆரம்பித்திருந்தது.

பேராசிரியர் கதிரேசன் ஒடிசலாக, சட்டைப்பையில் பேனாவும் கண்களில் கூச்சமுமாக இருந்தார். அட்டவணையைப் பற்றிப் பேச வாய் திறந்தபோதெல்லாம் "முதல்ல சாப்பிடுங்க" என்றார். சாப்பிட்டோம். பிறகு "ஒரு டீ சாப்பிடுங்க" என்றார். டீயும் ஆனது. கடைசியில் அவர் அறையில் கணினித் திரையில் என் கோடுகளை விரித்தேன். சிக்கல் என்னவென்று அவருக்குத் தெரியும். கருவிக்குள் ஒளி இங்குமங்கும் மோதித் திரும்பும். கல்யாண மண்டப மைக்கில் பேசினால் பேச்சோடு எதிரொலியும் கேட்குமே, அதுபோலக் கோட்டில் சிற்றலைகள் விழும். என் அட்டவணையின் வேலை அந்த எதிரொலியை மட்டும் நீக்கி, பேச்சை விட்டுவைப்பது. நீக்கியது போதாவிட்டால் மிச்ச எதிரொலி பேச்சுமாதிரியே கேட்கும்.

அவர் நெடுநேரம் பார்த்தார். மேட்டின் அருகே விரலைக் கொண்டுபோனார், எடுத்துக்கொண்டார்.

"பரவால்லங்க மேடம்" என்றார்.

யூப்புக்கு அந்த ஒரு சொல் தெரியுமே! நாற்காலியிலிருந்து எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பரவால்ல! பரவால்ல!" என்று இருவரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டார்கள். அறையை விட்டு வெளியே வருமுன் யூப் எங்கள் குழுவுக்குச் செய்தி அனுப்பிவிட்டார்: திருச்சி ஒப்புக்கொண்டது, குறை ஒன்றுமில்லை.

நான் மறுத்திருக்கலாம். ஆனால் என் மேடு பிழைத்துவிட்டது, வேலையும் பிழைத்துவிட்டது, யாரும் பொய் சொல்லவில்லை. இருந்தும் அவர் அந்தச் சொல்லைச் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அதில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை.

ஊரை விட்டுப் போய் நெடுங்காலமாகிவிட்டது. நெதர்லாந்தில் கட்டுரை மோசமென்றால் மோசம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, தோளில் கைபோட்டு சூப் குடிக்க அழைத்துப் போவார்கள். சூப்பும் மோசமாகத்தான் இருக்கும், அதையும் சொல்வார்கள். அதற்குப் பழகிய காதுக்கு ஊர்த் தமிழ் பிடிபடவில்லை. கருவியில் சந்தேகம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியும். முன்பே நன்றாகத் தெரிந்த ஒன்றைக் காட்டி, அது என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். எனக்கு வாய்த்த நட்சத்திரம் சித்தி.

மறுநாள் காலை பக்கத்து ஃப்ளாட் மாமி புளியோதரை கொடுத்தனுப்பினாள். அந்த மாமியின் சமையல் சித்திக்கு ஆகாது என்பது குடும்பமே அறிந்த உண்மை. ஒரு வாய் போட்டுக்கொண்ட சித்தியிடம் "எப்படி இருக்கு?" என்றேன்.

"பரவால்ல" என்று சொல்லி, பாத்திரத்தை அப்படியே என் பக்கம் தள்ளினாள்.

சற்று நேரத்தில் என் அண்ணன் மகள் முதன்முதலாகத் தனியாக வீணை வாசித்த வீடியோ வந்தது. சித்தி கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு பார்த்தாள். "பரவால்லயே!" என்றாள். மறுபடி பார்த்தாள், மாமிக்கும் அனுப்பினாள்.

ஒரே சொல்தான். கடைசியில் ஏ இருந்தால் மெச்சுதல், இல்லாவிட்டால் தள்ளிவிடுதல். புடவையில் கொட்டியதற்குச் சொன்னது மூன்றாவது வகை. யூப்புக்கு நான் கற்றுக்கொடுத்தது அந்த மூன்றாவதை மட்டும்தான். பேராசிரியர் சொன்னதிலோ ஏ இல்லை. இருந்தாலும் சித்தி ஸ்ரீரங்கத்துக்காரி, பேராசிரியர் துவாக்குடிக்காரர். ஒரு நட்சத்திரத்தை நம்பி முடிவு சொல்வது எங்கள் தொழிலில் வழக்கமில்லை.

யூப் மலைக்கோட்டை ஏறப் போனார். நான் பேராசிரியரை சத்திரம் பக்கத்தில் ஒரு ஹோட்டலுக்கு டிபன் சாப்பிட அழைத்தேன். காவிரிப் பாலத்து நெரிசலில் ஆட்டோ ஊர்ந்து நான் போய்ச் சேர்வதற்குள் அவர் வந்து எனக்காகக் காத்திருந்தார். அன்று ஹோட்டலில் பொங்கல் அடிபிடித்துவிட்டது. வாசலிலேயே நாற்றம் வந்தது. நான் பொங்கல் சொன்னேன், இரண்டு தட்டு.

"பொங்கல் எப்படி சார்?"

மென்று விழுங்கிவிட்டு, "பரவால்லங்க" என்றார். அதே குரல். மேடும் இல்லை, பள்ளமும் இல்லை.

காபி வந்தது. நல்ல காபி, நுரை தளும்பியது. நான் கேட்கவே இல்லை. ஒரு மிடறு குடித்தவர் டபராவைப் பார்த்துக்கொண்டே "பரவால்லயே!" என்றார்.

ஆகவே என் அட்டவணை அடிபிடித்த பொங்கல். இரண்டு சாட்சிகள், ஒரே அளவு. இத்தனை வருட உழைப்பு அந்தத் தட்டில் கருகிக் கிடந்தது. அழுதால் சாம்பார் காரம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றியது. ஆனால் சாம்பாரில் காரமே இல்லை.

"சார், தப்புன்னா தப்புன்னு சொல்லிடுங்க" என்றேன்.

அவர் நிஜமாகவே பதறிப்போனார். "ஐயையோ, அப்படி எப்படிங்க சொல்றது? சால்வை போட்டு ஒரு நாள்கூட ஆகல."

"சால்வையைத் திருப்பிக் கொடுத்துடறேன் சார்."

"அதெல்லாம் வேண்டாங்க." காபியைக் கீழே வைத்தார். குரலைத் தாழ்த்தினார், ஏதோ வீட்டுச் சண்டையைச் சொல்வதுபோல. "நீங்க அட்டவணை போட எடுத்துக்காத வேற ஒரு நட்சத்திரத்தை எடுத்துப் பாத்தேன். வெறும் நட்சத்திரம். சுத்தி தூசி இல்ல, வாயு இல்ல, ஒண்ணுமே இல்ல. அதுலயும் உங்க மேடு இருக்கு மேடம். அதே எடத்துல. கொஞ்சம் சின்னதா."

"அப்ப அது கருவியோட எதிரொலி."

"அப்படித்தான் தோணுது. தொண்ணூறு பர்சென்ட் பிரமாதமா எடுத்திருக்கீங்க. அந்த ஒரு எடத்துல மட்டும் மிச்சம் ஒட்டிக்கிச்சு. நானே மெயில்ல எழுதலாம்னு பாத்தேன். எழுதி எழுதி அழிச்சேன். கடைசியில நோட்டட் வித் தேங்க்ஸ்னு போட்டுட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. ஒரு வரி எழுதியிருந்தால் ஒரு பயணமும் ஒரு புடவையும் மிச்சமாகியிருக்கும். "நாளைக்கு காலேஜ் மீட்டிங்ல எங்க குழு முன்னாடி சொல்லுவீங்களா?" என்று கேட்டேன். "சொல்றேங்க, சொல்றேன்" என்றார். சொல்றேன் என்பதற்கும் எத்தனை பொருள் உண்டு என்று யோசித்தபடி பாலத்தைக் கடந்தேன். யூப்பிடம் அன்றே சொல்லியிருக்கலாம். பேராசிரியர் வாயால் வரட்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உள்ளதைச் சொன்னால், வராமலே போய்விட்டால் நல்லது என்றும் ஒரு மூலையில் இருந்தது.

மறுநாள் கல்லூரியில் கூட்டம் மேடை, மைக், குத்துவிளக்கு சகிதம் நடந்தது. பெரிய திரையில் எங்கள் குழு நெதர்லாந்திலிருந்து விழித்துக்கொண்டிருந்தது. அங்கே விடிகாலை. தாளாளர் விளக்கேற்றியதும் திரையில் ஒருவர் தீ விபத்தா என்று கேட்டார். அதைச் சபைக்கு மொழிபெயர்க்கவில்லை.

"கதிரேசன் சார் தமிழ்லயே பேசட்டும்" என்று தாளாளர் அறிவித்தார். "தாய்மொழியில அறிவியல்! மேடம் அவங்க பாஷைக்கு மாத்திச் சொல்லுவாங்க." கைதட்டல் கிளம்பியது. மைக் என் கைக்கு வந்தது.

பேராசிரியர் எழுந்தார். தாளாளரைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், என் தோளில் புதிதாக விழுந்திருந்த இரண்டாவது சால்வையைப் பார்த்தார்.

"மேடம் நம்ம மண்ணுக்குப் பெருமை. கருவி ரொம்ப நல்ல கருவி. நட்சத்திரமும் நல்ல நட்சத்திரம். அட்டவணையைப் பொறுத்தவரைக்கும்..." ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். "பரவால்ல. ஒரே ஒரு எடத்துல கொஞ்சம் பாத்துக்கலாம்."

அரங்கம் கைதட்டியது. "பரவால்ல!" என்று யூப் கட்டைவிரலை உயர்த்தினார். திரையில் இருந்தவர்களும் உயர்த்தினார்கள். பேராசிரியர் என்னைப் பார்த்த பார்வையில் அவரால் அதற்கு மேல் ஆகாது என்று எழுதியிருந்தது.

குறை ஒன்றுமில்லை என்று நான் மொழிபெயர்த்தால் அகராதிப்படி தப்பில்லை. கட்டுரை வரும், வேலை நீளும். அட்டவணை எல்லோருக்கும் போகும். உலகத்தில் யார் எந்த நட்சத்திரத்தைப் பார்த்தாலும் இல்லாத ஒரு வாயுவைக் கண்டுபிடித்துக் குதூகலிப்பார்கள். அத்தனைக்கும் மூலம் நானாக இருப்பேன். மைக்கை வாயருகே கொண்டுபோனேன்.

டச்சில் சொன்னேன்: "அட்டவணை தப்பு என்கிறார். மேடு கருவியுடையது. வெறும் நட்சத்திரத்திலும் அது இருக்கிறது."

திரையில் கட்டைவிரல்கள் ஒவ்வொன்றாக இறங்கின. தாளாளர் என் பக்கம் குனிந்து, "நம்ம மண்ணுக்குப் பெருமைன்னாரே, அதையும் சொல்லிட்டீங்களா?" என்றார்.

யூப் முகம் சிவந்தது. "அன்று அவர் குறையில்லை என்றாரே?"

"நான் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது புடவைக்கான சொல். அவர் சொன்னது பொங்கலுக்கான சொல்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அவர் நெதர்லாந்துக்காரர். "சரி, அந்த வெறும் நட்சத்திரத்தைக் காட்டச் சொல்" என்றார். பேராசிரியர் படத்தைத் தயாராக மடிக்கணினியில் திறந்து வைத்திருந்தார். பிறகு இருவரும் மேடையிலேயே தலையோடு தலை முட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். நன்றியுரை சொல்ல வந்த மாணவி அவர்கள் முடிக்கட்டும் என்று நின்றுகொண்டே இருந்தாள்.

காரில் திரும்பும்போது யூப் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார். கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும். அட்டவணையைப் பேராசிரியரும் நானும் சேர்ந்து மறுபடி போட வேண்டும். ஒப்பந்தத்தைப் பற்றித் தன்னால் எதுவும் உறுதி தர முடியாது என்று சொல்லி, "உன் இடத்தில் நான் இருந்தால் வேறு வேலை தேடத் தொடங்கியிருப்பேன்" என்றார். வலித்தது. ஆனால் ஒரு வாக்கியத்தில் முடிந்தது, கூடவே ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

கிளம்பும் நாள் பேராசிரியர் பைக்கில் சித்தி வீட்டுக்கே வந்துவிட்டார், ஒரு சீப்பு பூவன்பழத்தோடு. சித்தி காபி கொடுத்தாள். யூப் விடைபெறும்போது பரவால்ல என்ற சொல்லைப் பயன்படுத்தவே இல்லை. பயந்துவிட்டார் போலிருக்கிறது.

"போயிட்டு வரேன் சார்" என்றேன்.

"போயிட்டு வாங்க." செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டவர் நின்றார். "என்னால வாய்விட்டுச் சொல்ல முடியல மேடம். உங்க அட்டவணை, உங்க வேலை, நீங்களே மைக்கைப் பிடிச்சு தப்புன்னு சொன்னீங்க பாருங்க..." என்ன சொல்வது என்று தேடினார்.

"பரவால்லயே" என்றார்.

கடைசியில் அந்த ஏ இருந்தது. நான் தெளிவாகக் கேட்டேன்.